சைக்காலஜியும் கிரிமினாலஜியும் - பொம்பளப் புள்ள படிக்கிற படிப்பா?

போன ஞாயித்துக்கிழமை மதியம், சாப்பிட்டுட்டு கண்ணு சொருகுற நேரம் பாத்து சித்தப்பா போன் பண்ணினார்.

"தம்பி, இவளுக்கு இங்கிலாந்துல ஒரு யுனிவர்சிட்டில இருந்து ஆஃபர் லெட்டர் வந்திருக்குப்பா. சைக்காலஜியும் கிரிமினாலஜியும் சேந்த டிகிரியாம். ஒண்ணு பைத்தியத்தப் பத்தி, இன்னொண்ணு திருடனப் பத்தி. பொம்பளப் புள்ள படிக்கிற படிப்பா இது? நீயாச்சும் எடுத்துச் சொல்லு."

நான் என்னத்தச் சொல்ல? கட்-ஆஃப் மார்க் தள்ளிவிட்ட எடத்துல விழுந்து இன்ஜினியர் ஆனவன் நான். சரி, போன அவகிட்ட குடுங்கன்னேன். ஏம்மா இந்தப் படிப்புன்னு கேட்டா, "சைக்கோ கொலைகாரன் மனசுல என்ன ஓடுதுன்னு தெரிஞ்சுக்கணும்ணா" அப்படிங்கறா. ராத்திரி முழுக்க அந்த மாதிரி படமாப் பாத்ததோட விளைவு.

ஒரு வாரமா ஆபீஸ்ல ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரத்துல இதப் பத்திதான் படிச்சுக்கிட்டு இருந்தேன். என் தீர்ப்பு: சித்தப்பா சொன்ன காரணமும் தப்பு, தங்கச்சி சொன்ன காரணமும் தப்பு. ஆனா படிப்பு நல்ல படிப்பு. அதுவும் ரெண்டையும் சேத்துப் படிக்கறதுதான் சரி.

சைக்கோ கொலைகாரன்லாம் இதுல ஒரு ஓரம்தான். நடுவுல இருக்கறது நம்மள மாதிரி சாதா ஆளுங்க. சாட்சி சொல்றவங்க, விசாரிக்கறவங்க, தீர்ப்பு எழுதறவங்க.

1984-ல அமெரிக்காவுல, வட கரோலினா மாநிலத்துல நடந்த கேஸ் ஒண்ணு. ஜெனிஃபர் தாம்சன்னு 22 வயசுக் கல்லூரி மாணவி. ராத்திரி வீட்டுக்குள்ள புகுந்த ஒருத்தன் பலாத்காரம் பண்ணிட்டான். அந்த நேரத்துலயும் அந்தப் பொண்ணு, இவன் மாட்டணும்னு வைராக்கியமா அவன் மூஞ்சிய மனசுல பதிய வச்சிருக்கு. போலீஸ் போட்டோக்களக் காட்டினப்ப ரொனால்ட் காட்டன்கிறவரக் கைகாட்டுச்சு. அப்புறம் அடையாள அணிவகுப்புலயும் அவரேதான். 1985-ல தண்டனை ஆயிடுச்சு. 1995-ல டி.என்.ஏ. சோதனை பண்ணினா, செஞ்சது பாபி பூல்னு வேற ஒருத்தன்! பத்து வருஷத்துக்கு மேல காட்டன் உள்ள இருந்துட்டார். இதுல என்னை உலுக்கின விஷயம் வேற. 1987-ல மறுவிசாரணை நடந்தப்ப அந்த பூலையே கோர்ட்டுல கொண்டுவந்து நிறுத்தியிருக்காங்க. இவனப் பாத்ததே இல்லன்னு சொல்லியிருக்கு அந்தப் பொண்ணு.

பொய் சொல்லல. அதுதான் விஷயமே. போட்டோவுல இருந்த ஆட்கள்ல அணிவகுப்புல மறுபடி நின்னது காட்டன் மட்டும்தான். தெரிஞ்ச மூஞ்சியா இருக்கேன்னு மனசு நெனைக்குது, எங்க பாத்த மூஞ்சிங்கறத மறந்துடுது. சரியான ஆளத்தான் காட்டினேன்னு போலீசும் தலையாட்டிட்டா, சந்தேகம் நிச்சயமா மாறிடுது.

இது வரைக்கும் சைக்காலஜி. ஞாபகம் இப்படிக் கோளாறு பண்ணும்னு சொல்லிட்டு அது ஒதுங்கிக்கும். சரி, அப்ப போலீஸ் ஸ்டேஷன்ல நாளைலேருந்து என்ன மாத்தணும், சட்டத்துல எத எழுதணும்? அங்க கிரிமினாலஜி வேணும். வட கரோலினாவுல 2007-ல சட்டமே கொண்டுவந்தாங்க. அணிவகுப்ப நடத்தற அதிகாரிக்கு, வரிசையில சந்தேக நபர் யாருன்னே தெரியக்கூடாது. தெரிஞ்சாத்தானே கண்ணு காட்டிக்குடுக்கும்? நம்ம பொழப்புல கோடு எழுதினவனையே டெஸ்ட் பண்ண விடமாட்டோம்ல, அந்த மாதிரி. ஒரு வரி மாற்றம்தான், ஆனா ரெண்டு படிப்பும் தெரிஞ்ச ஆளுங்க இல்லாம வந்திருக்காது.

அமெரிக்காவுல நடந்ததுக்கு நமக்கென்னங்கறீங்களா? நம்ம இளைஞர் நீதிச் சட்டம், 2015-ல வந்தது. 16-லேருந்து 18 வயசுக்குள்ள ஒரு பையன் கொடுங்குற்றம் பண்ணினதா வந்தா, அவனப் பெரியவனா வச்சு விசாரிக்கலாமான்னு இளைஞர் நீதிக் குழுமம் முதல்ல மதிப்பிடணும். குற்றம் செய்யற அளவு மனவளர்ச்சி இருந்துதா, விளைவு புரிஞ்சுதா, எந்தச் சூழ்நிலைல நடந்துது - இவ்வளவையும். முதல் ரெண்டும் சைக்காலஜி, மூணாவது கிரிமினாலஜி. மூணு மாசம் டயம். குழுமத்துல உளவியல் படிச்சவங்க யாரும் இல்லன்னா நிபுணர் உதவிய வாங்கியே ஆகணும்னு 2022-ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. சொல்லிடுச்சு சரி, எத்தன பேரு இருக்காங்க இதப் படிச்சவங்க? ஒரு பையனோட மொத்த ஆயுசும் அந்த ஒரு அறிக்கைல தொங்குது. சித்தப்பா மாதிரி ஒவ்வொரு வீட்டுலயும் ஒருத்தர் தடுத்தா, அத யார் எழுதறது?

அதுக்காக கண்ண மூடிட்டு சேந்துடுன்னும் சொல்ல மாட்டேன். தங்கச்சிக்குப் பெரிய மெயிலா அனுப்பினதோட சுருக்கம் இது. டிகிரிய முடிச்ச உடனே 'ஃபாரன்சிக் சைக்காலஜிஸ்ட்'னு போர்டு மாட்டிக்க முடியாது. இங்கிலாந்துல அந்தப் பேருக்கே சட்டப் பாதுகாப்பு இருக்கு. அதுக்கு மேல மாஸ்டர்ஸ், அப்புறம் மேற்பார்வைல பயிற்சி. அதுக்கெல்லாம் அடித்தளமா டிகிரிக்கு பிரிட்டிஷ் சைக்கலாஜிக்கல் சொசைட்டி அங்கீகாரம் இருக்கணும். ரெண்டு சப்ஜெக்ட் சேந்த படிப்புல சைக்காலஜி பங்கு குறைஞ்சா அந்த அங்கீகாரம் இல்லாமப் போகலாம். பணத்தக் கட்டினப்புறம் இதக் கண்டுபிடிச்சா அழுகைதான். இன்னொண்ணு, புள்ளியியல் கட்டாயம் உண்டு. கணக்குல இருந்து தப்பிச்சோம்னு நெனச்சுக்கிட்டு இருந்தவ, இதப் படிச்சதும் ரெண்டு மணி நேரம் பதிலே போடல :)

அப்புறம் கேட்டா, "அப்ப சைக்கோ கொலைகாரன் பாடமே இல்லையாண்ணா?" இருக்கும்மா, ஏதாவது ஒரு செமஸ்டர்ல வரும்னேன்.

சித்தப்பாகிட்ட காட்டன் கதைய முழுசா சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "அந்தாளுக்கு நஷ்ட ஈடாச்சும் குடுத்தானுங்களா?"ன்னார். குடுத்தாங்க சித்தப்பான்னேன். "என்னத்தக் குடுத்து என்ன"ன்னுட்டு போன சித்திகிட்ட குடுத்துட்டார். அங்கீகாரம் உண்டான்னு கேட்டு யுனிவர்சிட்டிக்கு மெயில் போட்டிருக்கா. இன்னும் பதில் வரல. இந்த ரூட்ல போனவங்க யாராச்சும் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா, அப்படியே அவளுக்கு அனுப்பிடறேன்.