அது யார் தோப்பு?

கெங்குவார்பட்டியில் எங்கள் பக்கத்துத் தெரு அம்மாச்சியை டபுள் எக்ஸ்போஷரில் எடுத்தேன். சாயங்கால வானத்துக்கு எதிரே பக்கவாட்டில் நிற்கவைத்து, வானத்துக்கு வெளிச்சம் அளந்து முதல் ஷாட். முகம் முழுக்கக் கருப்பு. அதே ஃபிரேமின் மேல் மலையடிவார மாந்தோப்பு. தலை நிறைய இலை. லைக்குகள் குவிந்தன.

பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏப்பா, என் மூஞ்சி எங்க?"

அப்புறம் கேட்டார்: "இது மொதலாளி தோப்புல்ல? நாப்பது வருசமா அங்க காய் பொறுக்குறேன். அத எதுக்கு என் தலைக்குள்ள வச்ச?"

பதில் சொல்ல வாய் வரவில்லை.

'ஃபோட்டோஷாப் இல்லை, எல்லாம் கேமராவுக்குள்ளேயே, இயற்கை வெளிச்சம்' என்று படத்துக்குக் கீழே பெருமையாக எழுதுகிறோமே, அது எதற்கான சான்றிதழ்? கேமராவுக்குள் செய்தால் பொய் உண்மையாகிவிடுமா? 1940-இல் வந்த 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் போட்டார். லென்ஸின் ஒரு பாதியை மறைத்து எடுத்துவிட்டு, ஃபிலிமைத் திருப்பிச் சுற்றி மறுபாதியை எடுப்பது சினிமாவின் பழைய வித்தை. அதை யாரும் நேர்மை என்று சொல்லிக்கொள்ளவில்லை.

டபுள் எக்ஸ்போஷரில் வெளிச்சம் கூடுமே தவிரக் குறையாது. வெளுத்த இடத்தில் இரண்டாவது படம் ஏறாது, இருண்ட இடத்தில்தான் ஏறும். ஆகவே மரத்தை ஏற்ற வேண்டுமானால் முகத்தை அணைக்க வேண்டும். இதை டெக்னிக் என்கிறோம். நான் இதை ஒரு முடிவு என்கிறேன். அந்த ஆளைவிட மரம் முக்கியம் என்ற முடிவு.

மத்தியப் பிரதேசத்து நாக்தாவின் ஸ்டுடியோக்களும் டபுள் எக்ஸ்போஷர் செய்தன. கிறிஸ்டோபர் பின்னி 'கேமரா இண்டிகா'வில் (1997) அதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் ஸ்டுடியோவில் காசு கொடுப்பவர் படத்தில் இருப்பவர். பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுப்பார். நம் படத்தில் இருப்பவர் வாடிக்கையாளரும் இல்லை, பார்வையாளரும் இல்லை. வெறும் இருட்டு.

'கலைஞனுக்குச் சுதந்திரம் வேண்டாமா?' என்பீர்கள். வேண்டும். உங்கள் அப்பா தலைக்குள் அவருடைய மேனேஜரின் வீட்டை வைத்துப் பாருங்கள். அப்புறம் பேசலாம்.

மறுபடி போனேன். "உள்ள என்ன வைக்கட்டும் அம்மாச்சி?"

"என் ஆட்ட வையி."

காலை வெயில் ஒரு பக்கம் விழும்படி திண்ணையில் உட்காரவைத்தேன். பாதி முகம் வெளிச்சம், பாதி நிழல். ஆட்டை இருட்டான கதவுக்கு முன்னால் கட்டி இரண்டாவது ஷாட். சுற்றிலும் இருட்டு என்பதால் வெளிச்சப் பாதி அப்படியே நின்றது.

படம் சுமார்தான். ஆட்டுக்காது கன்னத்தில் கோணலாக விழுந்திருக்கிறது. இணையத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடம் ஆட்டைத்தான் முதலில் காட்டுகிறார்.