தேர்க்காலும் பள்ளி வாயிலும்



கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. சோழ மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான்! பாண்டியன் அவையிலே கண்ணகி தன் ஊரின் பெருமையென எடுத்துரைத்த கதை இது. நாடக மேடையில் அந்தக் காட்சி வந்தால் இன்றும் கொட்டகை அதிரும். இறைவன் தோன்றிக் கன்றை எழுப்பினான் என்று புராணம் முடிக்கும். நம் ஊர்ப் பள்ளி வாயிலில் அப்படி எவரும் தோன்றுவதில்லை, எழுப்புவதுமில்லை. அந்த வீதியில் தேர் அத்தனை விரைவாகப் பறக்கலாமா என்று, கன்று சாவதற்கு முன் கேட்டவர் யார்? கதையில் ஒருவருமில்லை.

காலை ஒன்பது மணிக்கு ஏதேனும் ஓர் அரசுப் பள்ளியின் எதிரே நின்று பாருங்கள். சாலைக்கு இப்புறம் குடியிருப்பு, அப்புறம் பள்ளி. தங்கையின் கையைப் பற்றியபடி அக்காள் நிற்கிறாள், தயங்குகிறாள், பிறகு ஓடுகிறாள். காரில் வரும் செல்வர் வீட்டுப் பிள்ளை வாயிலிலேயே இறங்கும். கால்நடையாக வரும் ஏழைப் பிள்ளைக்குத்தான் இந்தக் கண்டம்! 'பள்ளி, மெதுவாகச் செல்க' என்றொரு பலகை உண்டு. அதன்மேல் சுவரொட்டி! சில ஊர்களில் அது நம்முடையதே.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஓட்டுபவர் பிள்ளையைக் கண்டு பிரேக்கை மிதிக்க எடுத்துக்கொள்ளும் அந்த ஒரு நொடிக்குள் 50 அடிக்கு மேல் ஓடிவிடும். 30 கிலோமீட்டர் வேகமென்றால் ஏறத்தாழ 27 அடி. மிதித்த பிறகும் வேகம் இரட்டித்திருந்தால், நிற்பதற்கு நான்கு மடங்கு தூரம் வேண்டும். 'குழந்தை குறுக்கே ஓடிவந்தது' என்பர். குழந்தை ஓடாமல் வேறென்ன செய்யும்? ஏழு வயதுப் பிள்ளைக்கு வண்டியின் வேகத்தைக் கணிக்கத் தெரியாது. தெரிய வேண்டியவர் உரிமம் பெற்றவரல்லவா?

சைக்கிள் நாடு என்று இன்று உலகம் புகழும் நெதர்லாந்தில், 1971-ஆம் ஆண்டில் மட்டும் 400-க்கும் மேற்பட்ட சிறுவர்கள் சாலையிலே மாண்டனர். பள்ளிக்குச் செல்லும் வழியில் தன் மகளைப் பறிகொடுத்த விக் லாங்கன்ஹோஃப் என்னும் இதழாளர், 1972-இல் 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று தலைப்பிட்டு எழுதினார். தலைப்பே இயக்கத்தின் பெயராயிற்று! பெற்றோரும் பிள்ளைகளும் தெருவை மறித்து அமர்ந்தனர். சாலைகளைக் குறுக்கினர், வளைத்தனர், மேடிட்டனர். விரைய நினைப்பவனும் விரைய இயலாதபடி செய்தனர். அவ்வாறு அறிவிக்கப்பட்ட குடியிருப்புத் தெருக்களில் நடைவேகத்துக்கு மேல் வண்டி செல்லலாகாதென 1976-இல் சட்டமே வந்தது. அங்கே மணியை அடித்தவர்கள் மன்னனின் தண்டனையோடு மனநிறைவு கொள்ளவில்லை. வீதியையே மாற்றும்படி கேட்டார்கள்.

இங்கே சட்டமில்லையா? இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், மிகைவேகக் காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கிறது. வசதி படைத்தவருக்கு அது ஒருவேளை விருந்துச் செலவு! அதே திருத்தத்தில் 198-ஏ என்றொரு பிரிவும் உண்டு. சாலை வடிவமைப்பு விதிகளை மீறியதால் உயிரிழப்போ உடலூனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டம். ஓட்டியவரோடு சாலை போட்டவரையும் கேள்வி கேட்கும் கருவி அது. எத்தனை ஊர்களில் அதை எடுத்து நீட்டியிருக்கிறோம்? உங்கள் கிளை, ஊராட்சியிடமும் நெடுஞ்சாலைத் துறையிடமும் எழுத்தில் கேட்கட்டும்: பள்ளி வாயிலில் வேகத்தடை எங்கே, வரிக்கோடு எங்கே, 30 என்னும் எல்லை எங்கே என்று.

கேட்கப் புறப்படுமுன் இன்னொன்று. மாநாட்டுக்கு நேரமாயிற்றென்று கொடி கட்டிய கார்கள் அணிவகுத்துப் பறக்கின்றனவே, அவை எந்த வாயிலைக் கடந்து போகின்றன? பேசப்போகிறவன் நான் சொல்கிறேன்: கூட்டம் காத்திருக்கும், அரைமணி தாமதமாக வாருங்கள். சுவரொட்டியையும் நாளைக் காலையிலேயே கிழித்தெடுங்கள்.