பேயூருக்கு ஒரு புகையிரதம்

ஒக்டோபர் 31ஆம் நாள் ஹலோவீன். அதையொட்டிக் கனடிய வீடுகள் சிலவற்றில் பேய்மாளிகையும் பூசணித் தோட்டமும் கொண்ட சிற்றூரை மேசைமீது அமைத்து, மாதிரிப் புகையிரதம் ஓட்டுவர். நம் பிள்ளைகளும் அதனைக் கேட்கின்றனர். பேய் விளையாட்டென மறுத்தல் தகாது என்பதே எமது கருத்து.

நீள்வட்டத் தண்டவாளம் ஒன்று, வண்டி ஒன்று, வீடுகள் மூன்று. தொடக்கத்துக்கு இவை போதும். வீடுகளைக் கடதாசி மட்டையிற் பிள்ளைகளே செய்யட்டும். எச்.ஓ. வண்டியின் அளவு 1:87. எனவே, 174 சென்ரிமீற்றர் உயரமான தந்தை அங்கே 2 சென்ரிமீற்றர் ஆவார். அக்கணக்கைப் பிள்ளையே போட்டு வாசலை வெட்டட்டும்.

கிழமைக்கொருமுறை யாம் கற்பிக்கும் தமிழ், வீட்டில் வழங்காவிடின் நிலைக்காது. அம்மேசையருகே பெற்றோரும் அமர்ந்தால் சுரங்கம், பாலம், கைகாட்டி என்னும் சொற்கள் தேவை கருதியே வாயில் வரும். நிலையத்தின் பெயர்ப்பலகையையும் தமிழில் எழுதுவிப்போம். பேய்க்கு அஞ்சவேண்டா, பிள்ளையோடு பேசாதிருத்தலுக்கே அஞ்சுவோம்.