வேலிக்கு ஓணான் சாட்சி

போலீஸார் அடித்தால் பிரஜை எங்கே போய் முறையிடுவது? அதே போலீஸ் ஸ்டேஷனிலா? ராஜ்யந்தோறும், ஜில்லாதோறும், ஓய்வு பெற்ற நீதிபதிகளின் தலைமையில் புகார் விசாரணைச் சபைகள் அமைய வேண்டுமென்று 2006-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் 2013-ல் இயற்றிய சட்டமோ, உள்துறைக் காரியதரிசியைச் சபைத் தலைவராக்கி, போலீஸ் இலாகாவின் தலைவரையே அவர் பக்கத்தில் உட்கார வைத்தது!

2020-ல் சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிபட்ட தந்தையும் மகனும் மாண்டார்கள். நடந்ததை வெளிப்படுத்தியது ஹைகோர்ட் அனுப்பிய மாஜிஸ்திரேட்டின் விசாரணை அல்லவா? இலாகாவைச் சேராத அவரிடந்தான் அந்த ஸ்டேஷனின் பெண் காவலர் ஒருவர் துணிந்து சாட்சி சொன்னார்.

நல்ல அதிகாரிகளுக்கும் இதுவே காப்பு. புகார் பொய்யென்று வெளியார் தீர்ப்பளித்தால் ஊர் நம்பும். இலாகாவே தீர்ப்பளித்தால் நம்புமா என்று நாம் கேட்கிறோம்.