கறளுக்குக் காரணம் இருக்கிறது

காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையின் படங்களை மெல்பேர்ணில் கண்காட்சிக்கு வைக்கும் நண்பர் அவற்றுக்கு ஒரு விளக்கமும் எழுதியிருக்கிறார். வளர்முக நாடுகளுக்குப் பராமரிக்கத் தெரியாதாம். அந்த அலட்சியமே படக்காரனுக்குக் கிடைத்த அழகாம். வருஷமும் விபரமும் போட்டால் படம் கெட்டுப்போகுமாம்.

இது அறியாமை அல்ல, அநியாயம். 1950 இல் தொடங்கிய பக்டரி அது. 1990 இல் அதை மூட வைத்தது போர். அந்த ஆண்டு பக்டரி நின்ற வலிகாமம் வடக்குச் சனம் உடுத்த உடுப்போடு வெளியேறியது. ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது. தன் வீட்டு முற்றத்துக்கே போக முடியாதவன் எந்த இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டிருப்பான்?

சீமெந்துச் சூளை ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுழல்வது. நிறுத்தினாலும், ஆறும்வரை இடைக்கிடை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் உருளை வளைந்துவிடும். அப்படி இரவு பகலாகக் கண் விழித்த தொழிலாளரைப் பார்த்தா பராமரிக்கத் தெரியாது என்கிறார்?

அவருடைய ஒரு படத்தில் கூரை கழன்று, சுவர் வெடிப்பில் ஆலம்வேர் இறங்கியிருக்கிறது. நல்ல படம்தான். ஆனால் அதே சுவர் இன்னொரு படத்தில் வரும்போது முன்னால் முட்கம்பி வேலி நிற்கிறது. முதல் படத்தில் அதை வெட்டி எறிந்துவிட்டார். மரம் வேண்டும், வேலி வேண்டாம்!

சிட்னியில் வைட் பே மின் நிலையம் 1983 நத்தாரன்று உற்பத்தியை நிறுத்தியது. 1999 இல் மாநில மரபுரிமைப் பட்டியலில் ஏறியும், 2024 இல் பியனாலே கலைவிழாவுக்காகத் திறக்கும்வரை பெரும்பாலும் சும்மாதான் கிடந்தது. அதைப் படம் பிடித்தபோது அவுஸ்திரேலியருக்குப் பராமரிக்கத் தெரியாது என்று இவர் எழுதவில்லை. அதே சிட்னியின் கொக்கற்றூ தீவுப் படங்களுக்குக் கீழே கைதிச் சிறை, கப்பல் பட்டறை, 2010 இல் யுனெஸ்கோ அங்கீகாரம் என்று ஒன்று விடாமல் எழுதினார். அங்கே கெடாத படம் எங்கள் ஊரில் மட்டும் ஏன் கெடுகிறது?

இடிபாடுகளைப் படம் எடுக்கவே கூடாது என்பவர்களோடு நான் இல்லை. நிறைய எடுக்க வேண்டும். வலிகாமம் வடக்கில் இன்னும் விடுவிக்கப்படாத காணிகள் உண்டு. அவற்றின் சொந்தக்காரர் மெல்பேர்ணின் டண்டினோங்கிலும் இருக்கிறார்கள், கண்காட்சிக்கும் வருவார்கள். தங்களைத் துரத்திய போரைத் தங்கள் சோம்பல் என்று அவர்கள் சுவரில் வாசிக்க வேண்டுமா? அந்த விளக்கத்தைக் கழற்றட்டும். படத்தை வேலியோடு முழுதாக மாட்டி, கீழே 1990 என்று எழுதட்டும்.