ஆரணி நெசவாளரும் சர்க்கார் ஏடுகளும்

ஆரணியில் கைத்தறி நெசவாளர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடைக்குமென்று எண்ணுவோர் நமது சர்க்கார் ஏடுகளின் இயல்பை அறியாதவராவர். கூட்டுறவுச் சங்கம் தன் அங்கத்தினரை எண்ணும். மின்சார இலாகா தான் கொடுத்த இணைப்புகளை எண்ணும். மத்திய சர்க்காரின் கைத்தறிக் கணக்கெடுப்போ, தறியில் உட்கார்ந்து நெய்பவரை ஒரு வகுப்பாகவும், தார் சுற்றுவோர், பாவு பிணைப்போர் முதலியவரைத் துணைத் தொழிலாளர் என்று மற்றொரு வகுப்பாகவும் எண்ணும். தனி முதலாளியிடம் பட்டும் சரிகையும் பெற்றுக் கூலிக்கு நெய்பவர் இவற்றுள் சில ஏடுகளில் இருப்பார், சிலவற்றில் இரார். எல்லா ஏடுகளிலும் தலைப்பு மட்டும் 'நெசவாளர்' என்பதே. பொருள் ஏட்டுக்கு ஏடு வேறு.

இது வெறும் சொற்சண்டை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். தேச முழுமைக்கும் எடுக்கப்பட்ட கைத்தறிக் கணக்கைப் பாருங்கள். 1995-96இல் இத்தொழிலில் ஈடுபட்டோர் சுமார் 65.5 லட்சம், 2009-10இல் 43.3 லட்சம்; 2019-20இல் 35.2 லட்சம். ஆனால் அந்த 43.3 லட்சத்தில் பதினெட்டு வயது நிரம்பாதவரும் அடங்குவர். நிரம்பியவரை மட்டும் கொண்டால் 38.5 லட்சமே. ஆகவே அந்தப் பத்து வருஷங்களில் நேர்ந்த வீழ்ச்சி எட்டு லட்சமா, மூன்று லட்சமா என்பது, 'தொழிலாளர்' என்னும் சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருளைப் பொறுத்திருக்கிறது. அதே காலத்தில் கைத்தறிக் குடும்பங்கள் 27.8 லட்சத்திலிருந்து 31.4 லட்சமாகப் பெருகின என்றும் அக்கணக்கே கூறுகிறது. கைத்தறி அழிகிறது என்பாரும் வளர்கிறது என்பாரும் ஒரே புஸ்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாதிக்கலாம்! இத்தகைய எண்களை நம்பியே மான்யங்கள் பங்கிடப்படுகின்றன என்பதை நினைக்கும்பொழுது நமக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு சொல்லின் வரையறை எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நெசவாளர்கள் அனுபவத்தில் அறிவர். 1985ஆம் வருஷத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், விசைத்தறி அல்லாத தறி எதுவோ அதுவே கைத்தறி என்று சுருங்கச் சொல்லிற்று. நெசவின் பல வேலைகளுள் ஏதேனும் ஒன்று மனிதப் பிரயத்தனத்தால் நடந்தாலும் அத்தறியைக் கைத்தறியாகக் கொள்ளலாம் என்று அந்த வரையறையை விரிக்கும் யோசனை 2012ஐ ஒட்டிக் கிளம்பியது. அது நிறைவேறியிருந்தால் மோட்டார் பூட்டிய தறியும் ஒரே வாக்கியத்தின் வலிமையால் கைத்தறியாகியிருக்கும். நெசவாளர் எதிர்த்தனர், யோசனை நின்றது. 2023இல் தமிழ்நாட்டு சர்க்கார் இரு மாதங்களுக்கு ஒருமுறை கைத்தறிக்கு 300 யூனிட்டும் விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் மின்சாரம் இலவசமென்று உயர்த்தியதும் இந்தச் சொற்களை அஸ்திவாரமாகக் கொண்டே. சட்டத்தில் ஒரு சொல்லின் பொருளை மாற்றப் பார்லிமெண்டு கூடவேண்டும். கம்ப்யூட்டர் ஏட்டில் அதை மாற்ற ஒரு குமாஸ்தாவும் ஒரு பிற்பகலும் போதும். எதிர்ப்பதற்கு ஒருவருக்கும் செய்தி எட்டாது.

ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். பட்டு நெய்யும் ஆரணி திருவண்ணாமலை ஜில்லாவிலுள்ளது; திருவள்ளூர் ஜில்லாவிலும் ஓர் ஆரணி உண்டு. இங்கிலீஷில் நம் ஊரை ஓர் இலாகா ஓர் எழுத்துக் கூட்டியும் மற்றோர் இலாகா குறைத்தும் எழுதுகிறது. 'ஆரணி ரோடு' என்னும் ரயில் நிலையமோ களம்பூரில் நிற்கிறது. 1989க்கு முந்திய பத்திரங்களில் ஜில்லாவின் பெயர் வடஆற்காடு. 2020 ஜூன் மாதத்தில் 1,018 ஊர்ப்பெயர்களின் இங்கிலீஷ் எழுத்தைத் திருத்தி சர்க்கார் உத்தரவு பிறப்பித்துச் சில தினங்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவ்வுத்தரவின் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. தமிழொலிக்கு ஏற்ப எழுத வேண்டுமென்பது நமது கட்சியுமாகும். ஆனால் ஊரை எழுத்தைக்கொண்டு அடையாளம் காணும் ஏடுகள் எத்தனை, எண்ணைக்கொண்டு காண்பவை எத்தனை என்று முதலில் கணக்கெடுக்காமல் பெயரை மட்டும் மாற்றினால் கஷ்டப்படுவது பிரஜைகளே.

ஆட்பெயரின் கதை இன்னும் பரிதாபமானது. தமிழர் தந்தையின் பெயரை ஓர் எழுத்தாக முன்னே வைத்துத் தம் பெயரை எழுதுபவர். ஆரணியில் நெசவைக் கைவிடாத சௌராஷ்டிரரிடையே வீட்டுப்பெயரின் எழுத்தும் முன்னே சேர்வதுண்டு. மேனாட்டு வழக்கத்தைப் பின்பற்றிச் செய்த படிவமோ 'முதற்பெயர்', 'கடைப்பெயர்' என்று இரண்டு கட்டங்களை நீட்டுகிறது. எழுத்து ஓர் ஏட்டில் முன்னும், ஓர் ஏட்டில் பின்னும், வேறொன்றில் தந்தையின் முழுப்பெயராகவும் ஏறுகிறது. பாங்கியின் ஏடும் சங்கத்தின் ஏடும் ஒத்துவராவிட்டால், இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கும் பாரம் தறியை நிறுத்திவிட்டு வரும் நெசவாளியின் தலையில் விழுகிறது. பிழை செய்தது படிவம், கூலியிழப்பது அவர்.

இந்தக் குழப்பத்தின் மூலம் தறியோடு சம்பந்தப்பட்டது என்பதை நேயர்கள் அறிந்தால் வியப்பர். பிரான்ஸில் 1804இல் ஜக்கார்டு என்பவர் அமைத்த கருவியின் துளையிட்ட அட்டைகள் இன்றும் பட்டுத்தறிகளின் மேலே தொங்குவதைக் காணலாம். துளையிட்ட அட்டையில் விவரங்களைப் பதியும் முறையைக் கொண்டே ஹாலரித் 1890இல் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கை இயந்திரத்தால் கூட்டினார். 1928இல் அவ்வட்டை எண்பது கட்டங்களாக நிலைபெற்றது. கட்டங்கள் சொற்பமாகையால் பெயர்கள் குறுக்கப்பட்டன. வருஷத்துக்கு நான்கு இலக்கத்துக்குப் பதில் இரண்டே கொடுக்கப்பட்டது. அந்தச் சிக்கனத்துக்கு 2000ஆம் வருஷம் பிறக்கும் தறுவாயில் உலகம் செலுத்திய அபராதத்தை யாவரும் அறிவர். 1960ஐ ஒட்டி எழுந்த கோபால் என்னும் கணிப்பொறி மொழி (நம் ஊர்ப் பிள்ளைகளின் பெயரன்று!) ஓர் ஏட்டின் வரையறையை ஒரே இடத்தில் எழுதி, தேவையான நிரல்களிலெல்லாம் அதையே பிரதி செய்துகொள்ளும் வசதியை அளித்தது. வசதி இருந்தும், அவசரத்தில் ஒவ்வொருவரும் தத்தம் வரையறையைத் தாமே எழுதினர். பழைய நிரல்களைத் திருத்தப் புகுவோர் ஒரே பொருள் பல பெயரிலும், பல பொருள்கள் ஒரே பெயரிலும் கிடப்பதைக் கண்டு திகைப்பது இதனாலேயே.

பரிகாரம் இல்லாமலில்லை. மத்திய சர்க்கார் 2011இலேயே ஆட்பெயர், விலாசம், பிறந்த தேதி முதலியவற்றுக்குப் பொது வரையறைகளை வெளியிட்டிருக்கிறது. கிராமந்தோறும் நகரந்தோறும் தனி எண் கொடுக்கும் அகராதியும் உண்டு. நெசவு சம்பந்தமான சொற்களுக்கும் இவ்வாறு ஓர் அகராதி வேண்டும். பழைய ஏடுகளை ஒரே இரவில் கொளுத்தும்படி நாம் சொல்லவில்லை. படியும் மரக்காலும் ஊருக்கொரு விதமாயிருந்த தேசத்தில் 1956ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் மெட்ரிக் அளவுகள் படிப்படியாகவே புகுந்தன. சில காலம் பழைய அளவும் புதிய அளவும் அருகருகே வழங்கின. அதே முறையில் பழைய பெயருக்குப் பக்கத்தில் பொதுப்பெயரை எழுதி வைப்பதே முதல் வேலை.

ஓர் ஆட்சேபம் எழும். எல்லா ஏடுகளையும் ஒன்றாக்கினால் சர்க்காரின் கண் ஒவ்வொரு வீட்டிலும் நுழையுமே என்று நம் நண்பர்கள் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் நியாயமானது, அந்தரங்கம் ஜீவாதார உரிமை என்று ஸுப்ரீம் கோர்ட்டு 2017இல் தீர்ப்பளித்ததும் இத்தகைய அச்சங்களை முன்னிட்டே. ஆயினும் ஏடுகளை ஒன்றாக்குவது வேறு, ஏடுகளிலுள்ள சொல்லுக்கு ஒரே பொருள் கொடுப்பது வேறு. முன்னதை நாம் கேட்கவில்லை. பின்னதில்லாமற் போனால் நெசவாளி தன் உரிமையை எந்தச் சொல்லைக்கொண்டு கேட்பார்?

அகராதியைத் தயாரிக்கும் சபையில் உத்தியோகஸ்தரும் கணிப்பொறி நிபுணரும் மட்டும் இருந்தால் போதாது. நாள் முழுதும் தார் சுற்றும் பெண்ணை 'துணை' என்று எழுதுவதா, 'தொழிலாளர்' என்று எழுதுவதா என்பதை அவளைக் கேளாமல் முடிவு செய்தல் அடாது. கூலி நெசவாளரின் பிரதிநிதிகளும் பெண்களும் அச்சபையில் இடம் பெறவேண்டும். வரையறைகள் தமிழில் அச்சிடப்பட்டு, அடுத்த கணக்கெடுப்பாளர் வருமுன் ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் ஒவ்வொரு சங்கத்தின் சுவரிலும் ஒட்டப்படவேண்டும். ஆட்சேபம் தெரிவிக்க ஒரு மாத அவகாசம் தரவேண்டும் என்று கைத்தறி இலாகாவை வற்புறுத்துகிறோம்.