துவர்ப்பு அறிந்த நாக்கு

எந்தக் கறிக்கு எந்த மது என்பதை ஐரோப்பியர் ஒரு தனிச் சாத்திரமாகவே வளர்த்துவிட்டனர். அடர்ந்த சிவப்பு ஒயினுக்குக் கொழுப்புள்ள இறைச்சியே துணை என்பது அதன் முதல் விதி. அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு நம் சமையலை அளக்க வருகிறவர்கள், "இந்தக் காரம் ஒயினுக்கு ஒத்துவராது, மசாலாவைக் குறையுங்கள்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர். தீர்ப்பு அவசரமானது. புதுக்கோட்டைச் சீமையின் மண்ணும் அடுப்பும் வேறு சாட்சி சொல்கின்றன.

1898-ல் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. மிளகையும் முத்தையும் துணியையும் நாடி வந்த யவன வாணிபத்தின் மிச்சம் அது. அதே வாணிபத்தில் திராட்சை மதுவும் வந்தது. அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் நடத்திய அகழ்வில், அதைக் கொண்டுவந்த இரு கைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் அகப்பட்டன. யவனர் தந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் அருந்துவதை நக்கீரர் புறநானூற்றின் 56-ஆம் பாடலில் பாடுகிறார். அந்த விருந்தில் மிளகாய் இருந்திருக்க முடியாது. அது 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக வந்த சரக்கு. அன்றைய காரம் மிளகுதான்.

அடுப்பின் சாட்சி இன்னும் தெளிவானது. சிவப்பு ஒயின் நாக்கை வறட்டி இழுப்பதற்கு அதிலுள்ள டானின் காரணம். அறுசுவையில் துவர்ப்பு என்று நம்மவர் எண்ணி வைத்திருப்பது அதைத்தான். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினைப் பற்றிக்கொள்வதால் துவர்ப்பு அடங்குகிறது. நறுக்கிய வாழைப்பூவை மோரில் போடுவதும், கடுந்தேநீரில் பால் ஊற்றுவதும் இதே சூட்சுமந்தான். வாழைப்பூ ஆயும் பாட்டிக்கு ஐரோப்பியச் சாத்திரத்தின் முதல் விதி முன்பே தெரியும். அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை, அவ்வளவே.

அப்படியானால் பிணக்கு எங்கே? மிளகாயில். அடர்ந்த சிவப்பு ஒயினில் நூற்றுக்கு 14 பங்கு அளவுக்கும் சாராயச் சத்து உண்டு. மிளகாய் தூண்டும் அதே எரிச்சல் உணர்வை அதுவும் தூண்டுகிறது. செட்டிநாட்டு உப்புக்கறியோடு அதைச் சேர்த்தால் வாய் எரியும். கறியின் சுவையும் போகும், மதுவின் சுவையும் போகும். ஆனால் மிளகாய் சேராமல் மிளகு அளவோடு தூவி வறுத்த ஆட்டுக்கறியின் கதை வேறு. ஷிராஸ் என்னும் சிவப்பு ஒயினில் வீசும் மிளகு மணத்துக்குக் காரணமான ரொட்டண்டோன் என்ற பொருளை ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் கண்டறிந்தனர். மிளகின் மணத்திலும் அதே பொருள் இருக்கிறது. ஒத்துவராது என்ற தீர்ப்பு மிளகாய்க்குப் பொருந்தலாம். தமிழ்ச் சமையல் முழுவதற்கும் பொருந்தாது.

ஆகவே விருந்தாளியின் கிண்ணத்துக்காக உப்புக்கறியின் காரத்தைக் குறைக்க வேண்டுவதில்லை. அதற்கு ஏற்ற துணை மோர். மிளகாயின் எரிச்சலைப் பற்றி நீக்கும் பால் புரதம் அதில் உண்டு. இலைக்கு ஏற்றபடி கிண்ணம் மாறட்டும். கிண்ணத்துக்காக இலை மாற வேண்டாம்.

இதைக் குடிப்பதற்கான சிபாரிசாக யாரும் கொள்ளலாகாது. கேடில்லாத மது அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவித்திருக்கிறது. மதுவால் குலைந்த குடும்பங்கள் நம் ஊர்களில் ஏராளம். ஒயினைச் சுவைத்து மதிப்பிடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள்கூட, வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுகின்றனர். சுவையறிவு வேறு, குடி வேறு. முன்னது நம் அடுப்படியில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. அதைப் பிறரிடம் கடன் வாங்க வேண்டியதில்லை. பிறர் சொல்லுக்காக இழக்கவும் வேண்டியதில்லை.